காணாமற்போன செவ்வாய்க்கிழமை

திரையின் மூலையில் அந்தச் சின்னப் பெட்டி மறுபடியும் எட்டிப் பார்த்தது. டிஸ்க்கில் இடம் போதாதாம். லூசியா அதை மூடினாள். மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் அது திரும்பி வந்து நின்றது.

"எங்கட மாமியும் இப்பிடித்தான் அக்கா," என்றான் நௌஷாட். "முன்கதவைச் சாத்தினா குசினிக் கதவால வருவா."

லூசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து சிங்கராசாவின் ஐஸ் வாடிக் கந்தோரில், இந்தக் கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஒரு பட்டனை அமுக்கினால், அது யோசித்து முடிப்பதற்குள் கந்தோர்ப் பிள்ளை டிலோஜினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறாள். வெளியே சோளகக் காற்று ஓலைத்தொடுவாய்க் கடற்கரை மணலை அள்ளிவந்து யன்னல் கண்ணாடியில் எறிந்துகொண்டிருந்தது. யன்னலைத் திறந்தால் மணல். பூட்டினால் வேர்வை.

லூசியா காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் பல வருடம் விபத்து விசாரித்தவள். உடைந்த வள்ளத்தைப் பார்த்தால், அது கல்லில் மோதி உடைந்ததா, கோடரியால் கொத்தி உடைத்ததா என்று சொல்லிவிடுவாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, மன்னார் பட்டினத்தில் சொந்தமாக ஒரு பலகையை மாட்டித் துப்பறியத் தொடங்கினாள். நௌஷாட் போன் திருத்தும் கடை ஒன்றில் நின்றவன். அங்கே வாய் காட்டி வேலையை இழந்து, அதே வாயோடு இவளிடம் வந்து சேர்ந்தவன்.

வழக்கு சின்னதுதான், மாட்டிக்கொண்டவனைத் தவிர மற்றவர்களுக்கு. மீனவர்களுக்கு ஐஸ் விற்கும் சிங்கராசாவின் வாடியில், முற்றத்துக் கொட்டிலில் இருந்த வள்ள எஞ்சின் போன செவ்வாய்க்கிழமை காணாமல் போனது. மறுநாளே, அங்கே ஐஸ் எடுக்க வருகிற எமிலைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாடி பூட்டியிருந்தது. சிங்கராசா கிளினிக்குக்குப் போயிருந்தார். ஐஸ் எடுக்கப் பின்பக்கத்தால் வந்து போனவன் எமில் ஒருவன்தான்.

எமிலும் சும்மா இருக்கவில்லை. "எஞ்சினைத் தூக்கினது நான்தான். மத்தியானம் கரண்ட் நிண்டதில ஐஸ் கரைஞ்சு, நிலமெல்லாம் தண்ணி. அதால பலகைக்கு மேல தூக்கி வைச்சன்," என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். கேட்டவர்களின் காதில் முதல் வசனம் மட்டும்தான் ஏறியது. இப்போது விளக்கமறியலில் இருக்கிறான். நாளைக்கு நீதிமன்றத்தில் மறுபடி கூப்பிடுகிறார்கள். அவனுடைய தகப்பன் செபமாலை லூசியாவிடம் வந்து, பேச வந்ததைப் பேச முடியாமல் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

லூசியாவுக்குக் கிடைத்த ஒரே பிடி, வாடியின் முற்றத்தைப் பார்த்தபடி சுவரில் இருந்த கமராதான். அது பிடிப்பதெல்லாம் இந்தக் கணினியில் சேரும். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அதில் இல்லை.

"நான்தான் சொன்னனே தங்கச்சி," என்றார் சிங்கராசா. கதிரையில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு. போன வருடம் இருதய ஒப்பரேசன் செய்த உடம்பு. "இடம் நிறைஞ்சா பழசை அது தானாவே அழிக்கும். அழிச்சுப்போட்டுது. பின்னேரம் மகன் வந்து, பட்டினத்துக்குக் கொண்டுபோய் முழுக்க அழிச்சுப் புதுசாக்கித் தரப்போறான். இனி அதுக்குள்ள என்னத்தைத் தேடுறீங்கள்?"

"முழுக்க அழிக்கச் சொன்னது ஆர்? நீங்களோ?"

"ஜெனோஜன்தான். நாலு வருசமாச் சொல்லுறன், இப்பதான் அவனுக்கு நேரம் வந்திருக்கு."

நௌஷாட் லூசியாவைப் பார்த்தான். அவள் பார்க்காததுபோல இருந்தாள்.

"ஐயா, கொஞ்சம் இடம் எடுத்தாத்தான் இது மூச்சு விடும்," என்றான் நௌஷாட். "எதையாவது அழிப்பம். 'திருநாள்' எண்டு ஒரு போல்டர் கிடக்கு."

"அதைத் தொடாதை."

"'பழைய திருநாள்'?"

"அதையும் தொடாதை."

"'திருநாள் கொப்பி'. இது முதலாவதின்ர அச்சொட்டான கொப்பி ஐயா. ஒண்டு இருந்தாக் காணாதோ?"

"அந்தோனியார் திருநாளை அழிக்கிறதோ? நீ என்ன கதைக்கிறாய்?"

"அந்தோனியார் காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் எண்டுதானே சொல்லுறவை. எங்களுக்கும் ஒரு கை குடுக்கச் சொல்லுங்கோ. சரி, 'திரேசம்மா அடக்கம்' எண்டு ஒண்டு..."

சிங்கராசா கதிரையில் நிமிர்ந்தார். "அது என்ர மனிசியின்ர. அதை அழிக்கவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். நானே இண்டைக்கு வரைக்கும் திறந்ததில்லை."

நௌஷாட் மவுஸை லூசியாவிடம் தள்ளினான்.

லூசியா கமராப் பதிவுகளின் வரிசையைத் திரும்பவும் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் அதே வரிசைதான். போன திங்கள். பிறகு புதன், வியாழன், அப்படியே இன்று வரை. அவளுக்கு எரிச்சல் பொங்கியது. இல்லாத ஒன்றை எவ்வளவு நேரம்தான் முறைத்துப் பார்ப்பது?

அப்போதுதான் பொறி தட்டியது.

"நௌஷாட், போன திங்கள் ஏன் இன்னும் இருக்கு?"

"இருக்கட்டுமே அக்கா. உங்களுக்குத் திங்கட்கிழமை பிடிக்காதெண்டு அதுக்குத் தெரியாதுதானே."

"இடம் முடிஞ்சா இது பழசைத்தான் தின்னும். பழசு எது? திங்களா, செவ்வாயா?"

நௌஷாட் வாயைத் திறந்தான். பகிடி வரவில்லை. "திங்கள்," என்றான்.

"திங்களைத் தொடாமல் செவ்வாயை மட்டும் தின்ன இதுக்கு மூளை இல்லை. நடுவில கை வைக்கிறது மனிசர்தான்."

சிங்கராசா புருவத்தைச் சுருக்கினார். "ஆரோ அழிச்சிருக்கினம் எண்டு சொல்லுறீங்களோ?"

"இந்த மெசினை ஆர் ஆர் தொடுறவை?"

"நான் சுவிச்சைப் போடுறதோட சரி. டிலோஜினி கணக்குப் பாப்பாள். அவள்தான் புதன் காலமை, செவ்வாய்க்கிழமையைக் காணேல்லை எண்டு சொன்னவள். ஜெனோஜன் எப்பவாவது வந்து கார் ஓட்டி விளையாடுவான்."

டிலோஜினி வாசலடியில் ட்ரேயோடு நின்றாள். மெலிந்த பெண். காலையிலிருந்து அவள் பேசிய வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

நௌஷாட் லூசியாவின் காதோரம் குனிந்தான். "மகன்தான் அக்கா. திடீரெண்டு முழுக்க அழிக்க வெளிக்கிட்டவன் அவன்தானே."

"செவ்வாயை அவன் ஏற்கெனவே அழிச்சிருந்தா, மிச்சத்தை ஏன் அழிக்கோணும்?"

"வடிவா யோசிச்சா அதுவும் சரிதான்," என்று நௌஷாட் பின்வாங்கினான்.

லூசியா டிலோஜினியிடம் திரும்பினாள். "பிள்ளை, வழக்கமா எத்தனை நாள் இதுக்குள்ள நிக்கும்?"

"ஒரு கிழமையும் ஒரு நாளும் அக்கா."

"இப்ப ஒரு கிழமைதான் கிடக்கு. ஒரு நாள் குறையுது. அப்ப ஒரு நாளுக்கான இடம் சும்மா கிடக்க வேணுமே. இது ஏன் இன்னும் இடமில்லை, இடமில்லை எண்டு கத்துது?"

திரையின் மூலையில் பெட்டி எட்டிப் பார்த்தது.

"குப்பைக்கூடையைப் பார்."

நௌஷாட் பார்த்தான். "காலி."

"அப்ப அது அழியேல்லை. ஒரு அலுமாரியில இருந்து எடுத்து மற்ற அலுமாரியில வைச்சா அறையில இடம் கூடுமோ? செவ்வாய் இந்த மெசினுக்குள்ளதான் ஒளிச்சிருக்கு."

தேடச் சொன்னார்கள். கணினி தேடத் தொடங்கியது. நௌஷாட் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "மன்னார்க் கழுதை கூட இதைவிடக் கெதியாப் போகும். அதுவும் பின்பக்கமா நடந்து."

பாதிவழியில் கரண்ட் போனது. திரை கறுத்தது. மின்விசிறி நின்றது. லூசியா இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்றை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினாள். கரண்ட் வந்தபோது கணினி தன் உடம்பு முழுவதையும் தானே பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தது. பரிசோதனை முடிய மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. பின்னேரத்துக்குள் ஜெனோஜன் வந்து இதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். நாளைக்கு நீதிமன்றத்தில் செபமாலை தொப்பியைத் திருகிக்கொண்டு நிற்பார்.

"தேடவேண்டாம்," என்றாள் லூசியா. "யோசிப்பம். எந்த நேரமும் இடம் இல்லாத மெசின். ஆளாளுக்கு எதையாவது அழிச்சுக்கொண்டே இருக்கிற மெசின். இதுக்குள்ள ஒரு சாமானை ஒளிக்கிறதெண்டா எங்க ஒளிக்கலாம்?"

"ஆரும் அழிக்கமாட்டாத இடத்தில," என்றான் நௌஷாட்.

"அதோட?"

அவன் சிங்கராசாவைப் பார்த்தான். மெதுவாகச் சொன்னான்: "ஆரும் திறக்காத இடத்தில."

ட்ரேயில் ஒரு கோப்பை கிணுங்கியது.

லூசியா எழுந்து சிங்கராசாவின் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணை, அடக்கத்துக்கு எத்தனை வீடியோ எடுத்தனீங்கள்?"

"ஒண்டுதான். கடல்பக்கத்துக் கோயில்லயிருந்து சேமக்காலை வரைக்கும், எல்லாம் ஒண்டில."

"உள்ளுக்க எத்தனை இருக்கெண்டு மட்டும் பாக்கட்டோ? அவவின்ரயைத் திறக்கமாட்டன்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "பாருங்கோ," என்றார்.

இரண்டு இருந்தன. பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டாவதன் முடிவில் ஒரு எண் மட்டும் கூடுதல். நௌஷாட் அந்த இரண்டாவதைத் திறந்தான். திரையில் கோயிலும் இல்லை, சேமக்காலையும் இல்லை. இந்த வாடியின் முற்றம். செவ்வாய்க்கிழமையின் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டான்.

எமில் ஐஸ் பெட்டியோடு வந்தான். குனிந்து கொட்டிலுக்குள் பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்தான். உள்ளே போய் எஞ்சினைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

படம் அதிலேயே நின்றது. எஞ்சினைக் கட்டிப்பிடித்தபடி எமில் அசையாமல் நின்றான்.

"பாத்தீங்களோ," என்றார் சிங்கராசா. குரலில் வெற்றி இருந்தது. "இதுக்குத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டனீங்களோ தங்கச்சி? கள்ளனை நீங்களே பிடிச்சுத் தந்திட்டீங்கள்."

லூசியா வழக்கை வெல்ல வந்து, எதிராளிக்குச் சாட்சி தேடிக் கொடுத்திருக்கிறாள். செபமாலைக்கு என்ன சொல்வது?

"நிப்பாட்டுங்கோ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். டிலோஜினி ட்ரேயைக் கீழே வைத்திருந்தாள். முகம் நனைந்திருந்தது. "நான்தான் ஒளிச்சு வைச்சனான். அழிக்கத்தான் வெளிக்கிட்டன், மனம் வரேல்லை. அந்தப் படத்தில அவர் இருக்கிறார். எப்பிடி அழிக்கிறது?"

சிங்கராசா அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உனக்கும் எமிலுக்கும்..."

"ஓம் ஐயா. வீட்டில தெரியாது."

"கள்ளனுக்கோ நீ..."

"பொறுங்கோ அண்ணை," என்றாள் லூசியா. அவளுக்கு வேறு ஒன்று உறைத்திருந்தது. "பிள்ளை, நீ இதை எதுவரைக்கும் பாத்தனீ?"

"இதுவரைக்கும்தான். இதே இடத்திலதான் அண்டைக்கும் நிண்டது. பிறகு ஓடேல்லை."

"மிச்சம்?"

டிலோஜினி கண்களைத் துடைத்தாள். "மிச்சத்தில பாக்க என்ன இருக்கு அக்கா? கண்ணால கண்டிட்டன்தானே."

லூசியா நௌஷாட்டின் தோளைத் தட்டினாள். "ஏன் இதிலயே நிக்குது?"

"மூச்சு முட்டுது அக்கா. வீடியோ ஓட இதுக்குக் கொஞ்சம் வெறும் இடம் வேணும். எள்ளு போட இடமில்லை. எதையாவது அழிச்சே ஆகவேணும்."

எல்லோரும் சிங்கராசாவைப் பார்த்தார்கள்.

"திருநாளைத் தொடாதை," என்றார் அவர். "ஜெனோஜன்ர கார் விளையாட்டை அழி. அது கிடந்து ஆருக்கு என்ன?"

கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டி முதல்தடவையாகக் காணாமல் போனது. நௌஷாட் படத்தை மறுபடி ஓடவிட்டான்.

எமில் எஞ்சினைக் கொட்டிலுக்கு வெளியே கொண்டுவரவில்லை. இரண்டடி நகர்ந்து, சுவரோடு இருந்த பலகையின் மேல் அதை மெதுவாக வைத்தான். ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தான். காற்சட்டையில் கையைத் துடைத்தான். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டான். ஐஸ் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கமராவுக்கு முதுகைக் காட்டியபடி கடற்கரைப் பக்கம் நடந்தான். முற்றம் வெறிச்சோடியது.

டிலோஜினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அழுகையா, வேறு ஏதாவதா என்று லூசியாவுக்குத் தெரியவில்லை.

நௌஷாட் படத்தை வேகமாக ஓடவிட்டான். வெயில் சாய்ந்தது. ஒரு நாய் வந்து படுத்து எழும்பிப் போனது. இருட்டுகிற நேரத்தில் ஒரு ஆட்டோ பின்பக்கமாக முற்றத்துக்குள் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் இறங்கிக் கொட்டிலைத் திறந்தான். எஞ்சினைத் தூக்கிப் பின் சீற்றில் வைத்து, படங்கு ஒன்றால் மூடினான். ஆட்டோவில் ஏறுமுன் ஒருகணம் கமராவைத் திரும்பிப் பார்த்தான்.

நௌஷாட் படத்தை அந்த முகத்தில் நிறுத்தினான்.

"ஜெனோஜன்," என்றார் சிங்கராசா.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல, வெளியே மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. ஜெனோஜன் தலைக்கவசத்தைக் கழற்றியபடி உள்ளே வந்தான். நான்கு முகங்களையும் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். தலைக்கவசம் கையிலேயே இருந்தது.

"எங்க கொண்டுபோய் வித்தனீ?" என்று கேட்டார் தகப்பன். சத்தம் போடவில்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது.

"விக்கேல்லை அப்பா. தோட்டவெளியில ஒரு கூட்டாளி வீட்டில கிடக்கு. கிடுகு ஓலையால மூடி வைச்சிருக்கிறன்."

"என்னத்துக்கு?"

"டொக்டர் என்ன சொன்னவர்? கடலுக்குப் போகக் கூடாதெண்டு சொன்னவரோ இல்லையோ? நீங்கள் என்ன செய்தனீங்கள்? அம்மா போனதுக்குப் பிறகு தனியப் போறீங்கள். வள்ளத்தில ஒருத்தரையும் ஏத்திறேல்லை. நான் சொன்னாக் கேக்கிறேல்லை, பாதர் சொன்னாக் கேக்கிறேல்லை. எஞ்சின் இல்லாட்டிப் போகமாட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"நான் பொலிசுக்குப் போனது தெரியாதோ?"

"அண்டிரவே வவுனியாவுக்குப் போனனான். வந்து பாக்க எமிலைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிட்டுது." அவன் குரல் உடைந்தது. "சொல்லத்தான் வந்தன். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வந்தன் அப்பா. உங்கட நெஞ்சு தாங்குமோ எண்டு... பிறகு நாள் போகப் போக வாய் வரேல்லை. கமராவில ஏதும் மிச்சம் இருந்தா அழிப்பம் எண்டு யோசிச்சிட்டன்."

லூசியாவுக்குப் பொறுமை அறுந்தது. "உங்கட அப்பாவின்ர நெஞ்சைப் பாத்தனீங்கள். செபமாலையின்ர நெஞ்சை ஆர் பாக்கிறது? அந்த மனிசன் மறியல் வாசல்ல சோத்துப் பார்சலோட நிண்டதை நான் கண்டனான்."

ஜெனோஜன் தலைகுனிந்தான்.

சிங்கராசா கதிரையின் கைகளை ஊன்றி எழுந்தார். மகனை அடிப்பார் என்று நௌஷாட் இடையில் ஒரு அடி வைத்தான். அவர் அடிக்கவில்லை. கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தான்கள் சரியாக விழவில்லை. டிலோஜினி போய்ப் போட்டுவிட்டாள்.

"எமிலின்ர பேரைப் பொலிசில சொன்னது நான்தான்," என்றார். "நான் கண்டனானோ? காணேல்லை. கண்டமாதிரிச் சொன்னன்." மகனைப் பார்த்தார். "நட. எஞ்சினை ஏத்திக்கொண்டு நேர பொலிசுக்குப் போறம். நீ உன்ர வாயால சொல்லு. நான் என்ர வாயால சொல்லுறன்."

"மெசினையும் தூக்கு," என்றாள் லூசியா நௌஷாட்டிடம். "இதில ஒண்டும் அழியாமல் பொலிசுக்குப் போய்ச் சேரட்டும்."

அவர்கள் வெளியேறும்போது டிலோஜினி லூசியாவின் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் ஒளிச்சதை அவருக்குச் சொல்லுவீங்களோ?"

"நான் சொல்லமாட்டன்," என்றாள் லூசியா. "நீதான் சொல்லவேணும்."

மறுநாள் முற்பகல் எமில் நீதிமன்ற வாசலால் வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. செபமாலை அவனுடைய இரண்டு தோள்களையும் பிடித்துப் பார்த்துவிட்டு, முச்சக்கரவண்டி பிடிக்கப் போனார். மதிலோரம் நின்றிருந்த டிலோஜினி முன்னால் வந்தாள். லூசியாவும் நௌஷாட்டும் தெருவுக்கு மறுபக்கம் நின்றார்கள். கேட்கக் கூடாது என்றுதான் நின்றார்கள். காற்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தது.

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. படம் நின்ற இடம், ஒளித்த இடம், மிச்சத்தைப் பார்க்காமல் விட்டது, எல்லாம்.

எமில் கேட்டுக்கொண்டு நின்றான். "ஊர் நினைச்சது, அது பரவாயில்லை," என்றான். "நீயுமோ? நான் எடுத்தன் எண்டு நீயும் நினைச்சியா?"

அவள் பொய் சொல்லவில்லை. "ஓம்," என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லூசியாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வழக்கைத் தீர்த்தாயிற்று; பொலிசிலும் எழுதியாயிற்று; இதைத் தீர்க்க அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. உடைந்த வள்ளம் என்றால் எங்கே உடைந்தது என்று விரலை வைத்துக் காட்டலாம்.

முச்சக்கரவண்டி வந்து நின்றது. எமில் ஏறப் போனவன், படியில் காலை வைத்தபடி நின்றான்.

"இப்ப என்னால கதைக்க ஏலாது டிலோஜினி. வாயைத் திறந்தா ஏதும் பிழையாச் சொல்லிப்போடுவன். வீட்டை போ. வாறன்."

வண்டி தள்ளாடிக்கொண்டு தெருமூலையில் திரும்பி மறைந்தது. டிலோஜினி அது போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா," என்றான் நௌஷாட். "'போறன்' எண்டு சொல்லேல்லைத்தானே. 'வாறன்' எண்டுதானே சொன்னவன்?"

"ஓம்," என்றாள் லூசியா. "வாறன் எண்டுதான் சொன்னவன்."